முகாம் போட்டால் மட்டும் போதுமா?

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும், அல்லது நவம்பரில் குழந்தைகள் தினத்தை ஒட்டி, உங்கள் குழந்தையின் டைரியில் ஒரு சின்ன நோட்டீஸ் வரும். பாலியல் தொந்தரவுகளிலிருந்து குழந்தைகளைக் காப்பது பற்றி விழிப்புணர்வு முகாம், தாய்மார்கள் தவறாமல் வரவும் என்று. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இப்போது இது சகஜமாகிவிட்டது. நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் முகாம் முடிந்து வெளியே வருகிற தாய்மார்கள் செருப்பை மாட்டிக்கொண்டே பேசிக் கொள்வதைக் கேட்டிருக்கிறீர்களா?

"மாமி, ஒரு மணி நேரம் பேசறா, ஒரு படம் போட்டுக் காட்டறா, கை தட்டறோம், ஆத்துக்கு வந்துடறோம். இதனால நெஜமாவே ஏதாவது தடுக்க முடியுமா?" என்று கேட்டாள் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண். அவளுக்கு நாலாம் வகுப்பில் ஒரு பெண், யு.கே.ஜி.யில் ஒரு பையன்.

நியாயமான கேள்வி. மாவு மெஷினில் சரியாக அரைத்திருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்து வாங்குகிற நாம், குழந்தையைக் காப்பாற்றச் சொல்லித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் மட்டும் 'இது பலிக்குமா?' என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வியை உலகத்தில் பல பேர் கேட்டு, கணக்கெடுத்துப் பார்த்து, பதிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். சில மாதங்களாக அவற்றைத் தேடிப் படித்தேன். சில பதில்கள் மனசுக்குத் தெம்பாக இருக்கின்றன. சில தூக்கிவாரிப் போடுகின்றன.

முதலில் எதைத் தடுக்கப் போகிறோம் என்று தெரிய வேண்டாமா? நம்மில் பலருக்கு இன்னும், மிட்டாய் கொடுத்துக் கூப்பிடுகிற முகம் தெரியாத ஆசாமிதான் கண்முன் நிற்கிறான். மத்திய அரசு 2007-ல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் நூற்றுக்கு 53 பேர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதற்கு முந்திய வருஷம், சென்னையைச் சேர்ந்த 'துளிர்' என்ற அமைப்பு அந்த நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் கேட்டது. நூற்றுக்கு 42 பேர் ஆமாம் என்றார்கள். அதில் பெண் குழந்தைகள் நூற்றுக்கு 39, பையன்கள் நூற்றுக்கு 48! பையனைப் பெற்றவர்கள் 'நமக்கென்ன' என்று பின் வரிசையில் உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பதை நான் முகாமில் பார்த்தேன். அவர்களுக்காகத்தான் இந்த எண்ணை எழுதுகிறேன்.

செய்தவர்கள் யார்? போலீஸில் பதிவாகும் வழக்குகளின் கணக்கை மத்திய அரசு வருஷா வருஷம் வெளியிடுகிறது. குழந்தைகளிடம் அத்துமீறியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். உறவுக்காரர், அக்கம்பக்கத்தார், குடும்ப நண்பர், சொல்லிக் கொடுக்க வருகிறவர். நாம் காபி போட்டுக் கொடுத்து உட்காரச் சொல்கிற மனிதர்கள். இதை மனசில் வைத்துக்கொண்டுதான் எந்தத் திட்டத்தையும் எடை போட வேண்டும்.

'குட் டச், பேட் டச்' பாடம் 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் முளைத்த யோசனை. இன்றைக்கு நம் ஊர் எல்.கே.ஜி. வரை வந்துவிட்டது. இந்த மாதிரிப் பள்ளிப் பாடங்களைப் பற்றி 2015-ல் காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுக் குழு, பல நாடுகளில் நடந்த 24 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 5,802 குழந்தைகள். பாடம் படித்த குழந்தைகளுக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் மறக்கவில்லை. 'வா, உன்னைக் கூட்டிப் போகிறேன்' என்று ஓர் ஆள் கூப்பிடுகிற மாதிரி நடித்துப் பார்த்தபோது, படித்த குழந்தைகள் அதிகம் பேர் மறுத்தார்கள்.

"சின்னக் குழந்தைகிட்ட இதையெல்லாம் பேசினா பயந்துடாதா?" என்பது பாட்டிகளின் கவலை. அதையும் அந்த ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். பாடத்தால் குழந்தைகளுக்குப் பயமோ பதற்றமோ கூடியதாகத் தெரியவில்லை. பாட்டிகளிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் கடைசிக் கேள்வி, அதுதானே முக்கியம்? பாடம் படித்ததால் குழந்தைகளுக்கு நேரும் கொடுமை நிஜத்தில் குறைந்ததா? குறைந்தது என்று சொல்ல அந்த 24 சோதனைகளில் ஆதாரம் போதவில்லை. பாடம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. குழந்தைக்குத் தெரிந்திருப்பது ஒன்று, குழந்தை தப்பிப்பது வேறொன்று. அவ்வளவுதான். கொஞ்சம் யோசித்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. முப்பது கிலோ எடையுள்ள ஒரு குழந்தை, தன்னைவிட மூன்று மடங்கு பெரிய, அதுவும் 'மாமாவுக்கு நமஸ்காரம் பண்ணு' என்று நாமே சொல்லி வைத்திருக்கிற ஒருவரைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே!

பாடத்தின் பெயரையே மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. 'கெட்ட தொடுதல்' என்றால் வலிக்கும் என்று குழந்தை நினைத்துக் கொள்கிறது. டாக்டர் ஊசி போட்டால் வலிக்கிறது, அது கெட்டதா? கொஞ்சுகிற மாதிரி, கூச்சம் காட்டுகிற மாதிரி ஆரம்பிக்கிற விஷமம் வலிக்கவே வலிக்காதே, அது நல்லதா? அதனால்தான் 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பில்லாத தொடுதல்' என்று சொல்லித் தருகிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். கூடவே, 'ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னால் அம்மாவிடம் உடனே சொல்லு' என்று ஒரு வரி. உடம்பின் உறுப்புகளுக்குச் சரியான பெயரையும் சொல்லிக் கொடுத்து விடுங்கள். 'அங்கே', 'அது' என்று மழுப்பினால், ஒரு நாள் சொல்ல வேண்டி வரும்போது குழந்தைக்கு வார்த்தை கிடைக்காது. குளிப்பாட்டும்போது சொன்னால் சங்கடமே தெரியாது.

சொன்ன பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், தெரு எதுவும் வேண்டாம். எட்டு வயசுப் பெண், நன்றாகப் பாடும். பாட்டு கிளாஸ் இருக்கிற நாளில் மட்டும் வயிற்றை வலிக்கிறது என்று படுத்துக் கொள்ள ஆரம்பித்தது. ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். 'ஏன் போகமாட்டேங்கறே?' என்று அதட்டாமல், 'அங்கே உனக்கு என்ன பிடிக்கலை?' என்று கேட்டாளாம். குழந்தை சொன்னது ஒரே வாக்கியம். "சார் என்னை மட்டும் பக்கத்துல உக்காரச் சொல்றார். ஸ்கூல்ல சொன்னாளே, பாதுகாப்பில்லாததுன்னு, அது மாதிரி இருக்கு."

உள்ளேயிருந்து மாமியார், "அவர் எத்தனை வருஷமா நம்மாத்துக்கு வந்து போறவர்! பிள்ளையில்லாத மனுஷர், ஆசையாத் தட்டிக் குடுத்திருப்பார். இதைப் போய் வெளியில சொன்னா நம்ம பொண்ணு பேர்தான் கெடும்" என்றாராம்.

அந்த அம்மா வாக்குவாதம் செய்யவில்லை. குழந்தையைத் திரும்பத் திரும்பத் துருவிக் கேட்கவும் இல்லை. "நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்லை" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து கிளாஸ் நிறுத்தம். மத்தியானமே 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தாள். பிறகு சட்டப்படி நடக்க வேண்டியவை நடந்தன. குழந்தையின் நன்மைக்காக அதை இங்கே எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அதே கிளாஸில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்த இரண்டு வீட்டிலும் பாட்டு கிளாஸ் அன்றைக்கு வயிற்று வலிதான். கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

முகாம் இங்கே வேலை செய்ததா? பாதி செய்தது. குழந்தைக்கு ஒரு வார்த்தையைக் கொடுத்தது. மீதிப் பாதி அம்மாவின் காது. மாமியாரின் காதுக்கு எந்தப் பள்ளியும் முகாம் போடவில்லை!

இப்போது பெரிய பிள்ளைகளுக்கு வருவோம். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் ஒரு வேலை செய்தார்கள். ஆண்கள் இப்படிப்பட்ட குற்றங்களில் இறங்காமல் தடுப்பதற்காக நடத்தப்பட்ட திட்டங்களின் பலன் பற்றி வெளிவந்த 140 மதிப்பீடுகளை எடுத்து அலசினார்கள். நிஜமாகவே குற்றத்தைக் குறைத்தன என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவை எத்தனை தெரியுமா? மூன்று! இரண்டு பள்ளித் திட்டங்கள், 1994-ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் உதவி மையங்களுக்கும் கொடுத்த பணம், ஆக மூன்று. ஒரே ஒரு மணி நேரம் கூட்டி வைத்துப் பேசி, படம் காட்டி அனுப்புகிற திட்டங்கள்தான் பட்டியலில் ஏராளம். நடத்தையை மாற்ற அவற்றால் முடியவில்லை. எங்கள் மாடிப் பெண் கேட்டது சரிதான் பாருங்கள்.

பலித்த பள்ளித் திட்டம் ஒன்றின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. நியூயார்க் நகரில் 30 பள்ளிகளில், 11, 12 வயசுப் பிள்ளைகளிடம் நடத்தினார்கள். சில பள்ளிகளில் வகுப்பில் பாடம் மட்டும். சிலவற்றில் பாடம் இல்லாமல், பள்ளிக் கட்டடத்தைச் சரிசெய்வது மட்டும். பிள்ளைகளிடம் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று குறிக்கச் சொன்னார்கள். அந்த இடங்களில் ஆசிரியர்களை நிறுத்தினார்கள், சுவரொட்டிகள் ஒட்டினார்கள், தொந்தரவு செய்த பிள்ளையிடம் 'இனி அவள் பக்கம் வரமாட்டேன்' என்று எழுதி வாங்கினார்கள். வெறும் பாடம் பலன் தரவில்லை. இடத்தைச் சரிசெய்தது பலன் தந்தது!

படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. போன மாதம் எங்கள் மொட்டை மாடியில், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேர், 11-லிருந்து 15 வயசு வரை, ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் சிவப்புப் பென்சிலும் கொடுத்து உட்கார வைத்தேன். வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து ட்யூஷன், அங்கிருந்து வீடு. வழியை வரைந்து, பிடிக்காத இடத்தில் சிவப்பு வைக்கச் சொன்னேன். அம்மா மண்டபத்துப் படித்துறை இருட்டு, கொள்ளிடக் கரை, இப்படித்தான் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒருத்தி கூட அதைக் குறிக்கவில்லை. ("அங்கே நாங்க எதுக்கு மாமி தனியாப் போறோம்?") அவர்கள் குறித்தவை: சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஏறுகிற கூட்டமான பஸ்ஸின் படிக்கட்டு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். செல்போனுக்குப் பணம் கட்டப் போனால் நம்பரை எழுதி வைத்துக் கொள்கிற ஒரு கடை. ஓர் அபார்ட்மெண்டின் மாடிப்படித் திருப்பம், பல்பு எரியாதது. ஆறில் நாலு பேர் குறித்தது, பள்ளியின் பின்பக்கத்துக் கழிவறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். பையன்கள் வந்து தள்ளிவிட்டு ஓடுவார்களாம். பாதிப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம்.

தாய்மார்கள் நாலு பேராகப் போய்த் தலைமை ஆசிரியையிடம் அந்தத் தாளைக் காட்டினார்கள். அந்த அம்மாள் பாவம், உடனே ஆளைக் கூப்பிட்டார். தாழ்ப்பாளும் கூலியுமாக 250 ரூபாய். மத்தியான இடைவேளையில் அந்தப் பக்கம் ஓர் ஆயா உட்காருகிறார். கடைக்காரரை என்ன செய்வது என்பது பற்றி அப்பாக்கள் யோசித்துக் கொண்டிருக்கிறார்கள், இன்னும் யோசித்துக் கொண்டே!

நியூயார்க் வரைக்கும் போவானேன், நம் திருச்சியிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1999-ல் இங்கே போலீஸ் கமிஷனராக வந்தவர் ஜே.கே.திரிபாதி. பிற்பாடு தமிழகத்தின் டி.ஜி.பி.யாகவும் இருந்தவர். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அதே காவலர்களை நிரந்தரமாகப் போட்டார். தெருவில் போகிறவருக்கு அவர்கள் முகம் தெரியும், அவர்களுக்குத் தெருவின் முகம் தெரியும். பொது இடங்களில் பூட்டுப் போட்ட புகார்ப் பெட்டிகள் வைத்தார். ஸ்டேஷன் படியேறக் கூசுகிற பெண்கள், பெயர் போடாமலே ஒரு சீட்டு எழுதிப் போடலாம். துன்பப்படும் பெண்களுக்குத் தனியாக ஒரு டெலிபோன் உதவியும் ஏற்பாடு செய்தார். இந்தத் திருச்சி ஏற்பாட்டுக்கு நாடு கடந்தும் பெயர் கிடைத்தது.

இன்றைக்கு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி இருக்கிறதே, அதுவும் அதே ஜாதிதான். எல்லாம் சரி, அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? வாரத்தில் எந்த நாள் திறக்கிறார்கள்? திறக்கும்போது கூட யார் நிற்கிறார்கள்? அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சிலந்தி வலை கட்டிய பெட்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

காலேஜ் போகும் பெண் இருக்கிற வீடுகளுக்கு ஒரு சேதி. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில், முதலாண்டு மாணவிகள் சுமார் 900 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான துண்டுப் பிரசுரம். 2015-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷத்தில் வன்புணர்ச்சிக்கு ஆளானவர்கள், பிரசுரம் மட்டும் வாங்கியவர்களில் நூற்றுக்கு சுமார் 10 பேர், பயிற்சி பெற்றவர்களில் சுமார் 5 பேர். கிட்டத்தட்டப் பாதி! அந்தப் பயிற்சியில் கைகால் வீச்சும் உண்டு, ஆனால் முக்கியமானது வேறு. தெரிந்தவன், சிநேகிதன், கூடப் படிக்கிறவன் எல்லை மீறும்போது 'அவன் மனசு புண்படுமே' என்கிற தயக்கத்தை எப்படி உதறுவது என்பதைத்தான் அதிக நேரம் பழக்கினார்கள். கராத்தே கிளாஸ் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் 'எதிர்த்துப் பேசாதே' என்று பதினெட்டு வருஷம் வளர்த்துவிட்டு மூன்று மாத கராத்தேயை நம்பினால் எப்படி?

பையன்களுக்கு? ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளில் ஒரு சோதனை. பாதிப் பள்ளிகளில் மட்டும், ஏழாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளோடு, சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை 45 நிமிஷம், ஆண் பெண் சமத்துவம் பற்றிப் பேசினார்கள். இரண்டரை வருஷம் விடாமல்! 2022-ல் வெளியான முடிவின்படி, பிள்ளைகளின் எண்ணங்கள் மாறின. பயிற்சி முடிந்து இரண்டு வருஷம் கழித்தும் அந்த மாற்றம் நின்றது. பையன்கள் வீட்டு வேலையில் கூடக் கை கொடுக்க ஆரம்பித்தார்களாம். (கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது, இல்லையா?) ஒரு நாள் முகாமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'போலீஸ், கோர்ட்டு' என்ற பயமே பல வாய்களை மூடி வைத்திருக்கிறது. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, சீண்டல்காரர்களால் உயிரிழந்தாள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. குழந்தைகளுக்கான போக்ஸோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. 18 வயசுக்கு உட்பட்ட பெண், பையன் இருவருக்கும் பொது. விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும். பள்ளி நிர்வாகம் 'எங்களுக்குள் பேசித் தீர்த்துக் கொள்கிறோம்' என்று மூடி மறைத்தால் அதுவே குற்றம்.

குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கோ குழந்தைக்குப் பிடித்த இடத்துக்கோ வந்து, கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர், அதுவும் காக்கி உடுப்பு இல்லாமல், கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். அப்போது பெற்றோரோ, குழந்தை நம்புகிற வேறு ஒருவரோ கூட இருக்க வேண்டும். கோர்ட்டில் குற்றவாளியின் முகத்தைக் குழந்தை பார்க்காதபடி ஏற்பாடு உண்டு. பெயர், படம், பள்ளி எதுவும் பத்திரிகையில் வரக்கூடாது. ஸ்ரீரங்கத்திலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. போன் செய்வதானால் குழந்தைகளுக்கு 1098, பள்ளி சம்பந்தப்பட்டதற்கு 14417, பெண்களுக்கு 181. எங்கள் வீட்டில் இந்த மூன்று எண்களையும் காலண்டர் ஓரத்தில், பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மாடிப் பெண்ணின் யு.கே.ஜி. பையன் 1098-ஐ மட்டும் எழுத்துக்கூட்டாமல் மனப்பாடமாகச் சொல்கிறான். அடுத்த முகாமுக்கு மாமியார், மாமனார், வேன் டிரைவர் எல்லோரையும் கூப்பிடச் சொல்லி அவன் அம்மா பள்ளிக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள்.